வேட்டுக்கு அசையாத நாய்

நாய் பார்ப்பதில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று ஒரு காலத்தில் நினைத்திருந்தேன். நினைத்தது மட்டுமா, நாலு பேரிடம் சொல்லிக்கொண்டும் திரிந்தேன். அந்த வாய்தான் என்னை மல்லியிடம் கொண்டுபோய் மாட்டிவிட்டது.

என் பெயர் ஞானரத்தினம். ஸ்ரீவில்லிபுத்தூர் மிஷன் ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடுகிற வேலை. எங்கள் டாக்டரம்மா வெள்ளைக்காரி. ஒவ்வொரு கோடைக்கும் கொடைக்கானல் போகும்போது தம்முடைய குட்டி இங்கிலீஷ் நாயை என்னிடம் விட்டுவிட்டுப் போவார். பதினொரு கோடை அப்படிப் போயிற்று. ரொட்டி போட்டால் அது தின்னும், உட்காரச் சொன்னால் உட்காரும், குளிப்பாட்டினால் மட்டும் முறைக்கும். மொத்தத்தில் என்னைவிட ஒழுங்கான பிராணி. அதைப் பார்த்துக்கொண்ட பேரில் எனக்கு ஊரில் பெரிய பெயர். யாராவது வெளியூர் போனால் நாயை ரத்தினத்திடம் விடுங்கள் என்பார்கள். நானும் நேரத்துக்குச் சோறு, நேரத்துக்கு நடை, அதட்ட வேண்டிய இடத்தில் அதட்டல், இவ்வளவுதான் வித்தை என்று பிரசங்கம் செய்வேன். எங்கள் சபை உபதேசியார் தேவஇரக்கம்கூட ஞாயிற்றுக்கிழமைகளில் அவ்வளவு நம்பிக்கையாகப் பேசியதில்லை.

1941ஆம் வருஷம் தை மாதம் ராஜபாளையத்திலிருந்து ஒரு வில்வண்டி என் வாசலில் வந்து நின்றது. சஞ்சீவி ராஜாவின் மனைவி மங்கம்மாள் அனுப்பிய வண்டி. ராஜா யுத்தத்துக்கு விரோதமாகப் பேசிச் சத்தியாக்கிரகம் செய்து ஆறு மாதத் தண்டனையில் திருச்சி ஜெயிலுக்குப் போயிருந்தார். அவர் போன அன்றிலிருந்து அவருடைய நாய் ஐந்து நாளாகத் தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லையாம். மங்கம்மாளுக்கு முன்பு ஒருமுறை கையில் சிலந்திக் கட்டி வந்தபோது நான்தான் கட்டுப் போட்டேன். அந்தப் பழக்கத்தில் என்னைக் கூப்பிட்டிருந்தார். லீவு சொல்லிவிட்டு, துரைசானி நாயையே பார்த்தவள் என்ற மிதப்போடு வண்டியில் ஏறினேன்.

அவர்களுடைய தோட்டம் அய்யனார் கோவில் போகிற வழியில், மலை கண்ணுக்கு முன்னால் எழும்பி நிற்கிற இடத்தில் இருந்தது. பருத்தியும் ஒரு பக்கம் சோளமும் போட்டிருந்தார்கள். கிணற்றடியில் மல்லியைப் பார்த்தேன். நல்ல உயரம். உடம்பெல்லாம் ஒரே வெள்ளை. மூக்கு மட்டும் ரோஜா நிறம். ஐந்து நாள் பட்டினியில் விலா எலும்பு தெரிந்தது. ஆனாலும் உட்கார்ந்திருந்த தோரணையில் ஒரு குறையும் இல்லை.

மல்லி வந்து நின்ற என்னை ஏற இறங்கப் பார்த்தாள். ஆமாம், ‘பார்த்தாள்’ என்றுதான் எழுதுகிறேன், ‘பார்த்தது’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நாய்கள் ஆளைப் பார்த்ததும் மோந்து பார்க்கும், வாலை ஆட்டும், அல்லது குரைக்கும். இவள் என் முகத்தை, கையை, காலை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சேலையில் ஏதாவது கறை இருக்கிறதா என்று நானே குனிந்து பார்த்துக்கொண்டேன்.

தோட்டத்துக் காவல்காரர் பால்ச்சாமி பெருமையாக அறிமுகம் செய்துவைத்தார். “வேட்டுக்கு அசையாத நாய்மா இது. கல்யாண ஊர்வலத்துல வாணம் விடுவாங்கள்ல, ஊருல உள்ள நாயெல்லாம் வண்டிக்கு அடியில பூந்துரும். இவ மட்டும் ராஜா பக்கத்துல செல மாதிரி நிப்பா. அம்புட்டுத் தைரியம்.”

“தைரியம் கெடக்கட்டும். ஏன் திங்க மாட்டேங்கா?” என்று கேட்டேன்.

“ராஜா கையில மட்டுந்தான் திம்பா. களவாணிப் பய வெஷம் வச்ச கறியப் போட்டாலும் தொடக்கூடாதுன்னு இங்கன காவ நாய ஒரு கைக்குத்தான் பழக்குவாவ. அந்தக் கை இப்ப ஜெயில்ல இருக்கு.”

மங்கம்மாள் வேறொரு காரணம் சொன்னார். “எங்க வீட்ல தெலுங்குதான் பேசுவோம். அவர் அவகிட்ட தெலுங்குலதான் பேசுவார். நீங்க தமிழ்ல கூப்பிட்டா அவளுக்கு எப்படிப் புரியும் நர்ஸம்மா?” நான் நர்ஸ் இல்லை, கட்டுப் போடுகிறவள்தான். ஆனால் மங்கம்மாள் அப்படிக் கூப்பிடும்போது ஒருநாளும் திருத்தியதில்லை.

அவர் சொன்னது எனக்கு நியாயமாகப் பட்டது. அன்று சாயங்காலமே அவரிடம் உட்கார்ந்து பாடம் கேட்டேன். வா என்பதற்கு ‘ராவே’. தின்னு என்பதற்கு ‘தினவே’. உட்கார் என்பதற்கு ‘கூர்ச்சோவே’. மூன்று நாள் அந்த மூன்று சொல்லையும் வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆட்டுக்கறிக் குழம்பு, பால், முட்டை, கம்பஞ்சோறு என்று விதவிதமாகச் சட்டியில் வைத்துக்கொண்டு, “மல்லி, ராவே, தினவே” என்று தொண்டை வற்றக் கெஞ்சினேன். நான் பேசிய தெலுங்கைக் கேட்டு மங்கம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். பால்ச்சாமி அந்த மரியாதைகூடக் காட்டாமல் எதிரிலேயே சிரித்தார். மல்லி சிரிக்கவில்லை, தின்னவும் இல்லை. சட்டியைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள், எதற்காகவோ காத்திருப்பவள் போல இருப்பாள். கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கொழுப்பு என்று எனக்குக் கோபம் வந்தது. பதினொரு கோடைப் பெருமையும் மூன்று நாளில் கரைந்துபோனால் யாருக்குத்தான் வராது.

எட்டாம் நாள் காலையில் அவள் எழுந்திருக்கும்போது பின்கால் இரண்டும் நடுங்கின. கோபமெல்லாம் போய் எனக்குப் பயம் பிடித்தது. இன்னும் மூன்று நாளோ நாலு நாளோ, அதற்கு மேல் தாங்கமாட்டாள். ஜெயிலிலிருந்து திரும்பி வருகிற மனுஷனிடம் என்ன சொல்வேன். நாயைப் பார்த்துக்கொள்ளத் தெரியும் என்று நானாகத்தானே வண்டி ஏறி வந்தேன்.

அன்று மத்தியானம் கிணற்றடியில் நான் புதுச் சட்டியில் பால்சோறு பிசைந்துகொண்டிருந்தேன். மல்லி என்னைப் பார்த்தபடி படுத்திருந்தாள். அவளுக்குப் பின்னால், சோளத்தில் விழுந்த கிளிக்கூட்டத்தை விரட்ட பால்ச்சாமி பரண் மேல் நின்று ஓலைவெடி ஒன்றைக் கொளுத்தி மேலே வீசினார். நான் கவனிக்கவில்லை. தலைக்கு மேல் வெடித்தது. என் கையிலிருந்த சட்டி நழுவிக் கல்லில் விழுந்து உடைந்தது. கட்டியிருந்த பசு கயிற்றை இழுத்துக்கொண்டு சுற்றியது. கிளிகள் மொத்தமாக எழும்பிப் பறந்தன.

மல்லியின் காது மடல்கூட அசையவில்லை.

“பாத்தியளா” என்று பரணிலிருந்து கேட்டார் பால்ச்சாமி. “நான் சொல்லல?”

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவர் பார்த்தது ஒன்று, நான் பார்த்தது வேறு. தைரியசாலியோ கோழையோ, காது கேட்கிற எந்த ஜீவனும் அந்தச் சத்தத்துக்குக் கண்ணை ஒருமுறையாவது சிமிட்டும். ஆஸ்பத்திரிக்கு வருகிற சின்னப் பிள்ளைகளுக்குப் பின்னால் நின்று டாக்டரம்மா கை தட்டுவதையும், சில பிள்ளைகள் திரும்பாமலே இருப்பதையும், அவர்களைப் பெற்றவளின் முகம் மாறுவதையும் எத்தனையோ தடவை கூட நின்று பார்த்திருக்கிறேன். எழுந்து ஓசைப்படாமல் சுற்றிக்கொண்டு மல்லியின் முதுகுப் பக்கம் போக முயன்றேன். நான் போகிற பக்கமெல்லாம் அவள் தலை கூடவே வந்தது. கடைசியில் மங்கம்மாளை எதிரே உட்காரவைத்து, அவரை அவள் பார்த்துக்கொண்டிருந்தபோது, நான் பின்னால் வெறுங்காலோடு நின்று இரண்டு பித்தளை மூடிகளை ஒன்றோடொன்று அடித்தேன். மங்கம்மாள் காதைப் பொத்திக்கொண்டார். மல்லி அசையவில்லை. பிறகு மூடிகளை வைத்துவிட்டுக் குதிகாலால் தரையை ஒரு மிதி மிதித்தேன். தரை அதிர்ந்ததும் சட்டென்று திரும்பிவிட்டாள்.

“அம்மா, இவளுக்குக் காது சுத்தமாக் கேக்காது” என்றேன்.

மங்கம்மாள் நம்பவில்லை. “அதெப்படி? அவர் ராவேன்னா வருவா. கூர்ச்சோன்னா உக்காருவா. நாலு வருஷமா நானே பாக்கேன்.”

அந்த இடத்தில்தான் எனக்கு உடம்பு சிலிர்த்தது. நாலு வருஷம். ஒரு வீடும் ஒரு தெருவும் சேர்ந்து, இந்த நாய் சொன்ன சொல் கேட்கிறது என்று நம்பியிருக்கிறது. அவள் ஒரு சொல்லையும் கேட்டதில்லை. கூப்பிடுமுன் அவர் தோள் எந்தப் பக்கம் சாய்கிறது, உட்காரச் சொல்லுமுன் கை எவ்வளவு தாழ்கிறது, கோபம் வந்தால் காலை எப்படி ஊன்றுகிறார் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து, அவர் நினைப்பதை அவர் சொல்லுமுன் எடுத்துக்கொண்டிருக்கிறாள். வளர்த்த மனுஷனுக்கே சந்தேகம் வராத அளவுக்கு ஒரு ஜீவன் இன்னொரு ஜீவனைப் பார்க்க முடியுமா? எனக்கு அம்மா இருந்தாள், இருபது வருஷம் குடித்தனம் நடத்திய புருஷன் இருந்தார். யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. நானும் யாரையும் அப்படிப் பார்த்ததில்லை. உபதேசியார் எவ்வளவோ முயன்றும் என் நெஞ்சில் வராத பக்தி அந்தக் கிணற்றடியில் வந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அப்படியானால் நான் கற்றுக்கொள்ள வேண்டியது தெலுங்கு இல்லை, சஞ்சீவி ராஜாவைத்தான். சோறு வைக்கும்போது அவர் என்ன செய்வார் என்று மங்கம்மாளிடம் கேட்டேன். தோட்டத்தில் வைத்துத்தான் போடுவார், தாம் பார்த்ததில்லை என்றார். பால்ச்சாமியிடம் கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார், மலையைப் பார்த்தார்.

“ஏலே, நாய் செத்துக்கிட்டு இருக்கு. ஒம்ம வாய் என்ன பூட்டா போட்டிருக்கு?” என்று கத்தினேன். வயதில் மூத்தவரை ஏலே என்றது தப்புதான். அவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

“யார்ட்டயும் சொல்லக்கூடாதுன்னு ராஜா சத்தியம் வாங்கிருக்காவ” என்றார் மெல்ல. “மொத உருண்டய அவிய திம்பாவ. அந்தச் சட்டியிலருந்தே எடுத்துத் திம்பாவ. பொறவுதான் இவளுக்கு. குட்டியில வந்தப்ப ரெண்டு நாள் ஒண்ணும் திங்காம கெடந்தா. அப்ப அவிய தின்னு காட்டுனாவ. அதப் பாத்துட்டுத் தின்னா. அப்படியே பழக்கமாப் போச்சு. ராஜா நாய்ச் சட்டியில திங்காருன்னு ஊருக்குத் தெரிஞ்சா கேவலமில்லையா?”

ஒரு கைக்குப் பழக்கம் என்பது இவ்வளவுதான். மல்லி ராஜாவின் கைக்காகக் காத்திருக்கவில்லை. யாராவது முதலில் தின்று காட்டுவார்கள் என்று காத்திருந்தாள். நாங்கள் அத்தனை பேரும் சட்டியை முன்னால் தள்ளிவிட்டு நாய்ச் சோற்றைத் தொட்ட கையை உடனே கழுவிக்கொண்டிருந்தோம். அவளும் அதைத்தானே பார்த்துக்கொண்டிருந்திருப்பாள்.

கம்பஞ்சோற்றில் மோர் விட்டுப் பிசைந்தேன். பால்ச்சாமி காட்டியபடி அவளுக்கு நேர் எதிரே குந்தி உட்கார்ந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. முதல் உருண்டையை எடுத்து என் வாயில் போட்டேன். உப்பில்லாத சோறு, தொண்டையில் இறங்க மறுத்தது. மல்லியின் கண் என் கையிலிருந்து வாய்க்கு வந்தது, வாயிலிருந்து தொண்டைக்கு வந்தது. விழுங்கும்வரை அங்கேயே நின்றது. நான் விழுங்கினேன். அவள் எழுந்தாள். நடுங்குகிற காலோடு இரண்டடி வைத்து, இரண்டாவது உருண்டையை என் உள்ளங்கையிலிருந்து நாக்கால் மெதுவாக எடுத்துக்கொண்டாள். மங்கம்மாள் எனக்குப் பின்னால் நின்று சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார். நான் சத்தமாகவே அழுதேன். எதிரே இருந்தவளுக்குக் கேட்கிற காது இருந்தால்தானே கூச்சப்பட.

லீவு முடிந்ததும், ராஜா வரும்வரை என்னோடு இருக்கட்டும் என்று அவளை ஸ்ரீவில்லிபுத்தூருக்கே கூட்டிவந்துவிட்டேன். தினம் இரண்டு வேளை அவளோடு சேர்ந்து சாப்பிட்டேன். நாய்ச் சோறு தின்கிறவள் என்று சபையில் ஒரு பேச்சு கிளம்பியது. உபதேசியார் ஒருநாள் என் வீட்டுக்கு வந்து அதைப் பக்குவமாகச் சொல்ல ஆரம்பித்தார். எனக்குக் கோபம் மூண்டது. வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் மல்லி எழுந்து வெளியே போய்விட்டாள். உபதேசியாரும் அவள் போனதைப் பார்த்து ஏதோ புரிந்தவர் போல எழுந்துகொண்டார். என் கோபம் வாய்க்கு வருமுன்னே தோளுக்கு வந்துவிடுகிறது என்பது நாற்பத்துமூன்று வயதில், ஒரு நாய் எழுந்து போவதைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு தோளைக் கொஞ்சம் இறக்கிவைத்துக்கொள்ளப் பழகினேன். ஆஸ்பத்திரியில்கூட, கட்டுப் பிரிக்கும்போது நோயாளி கத்துமுன்னே அவன் கால்விரல் மடங்குவதைக் கவனிக்க ஆரம்பித்தேன். அத்தனை வருஷமாக அந்த விரல்கள் என் கண்ணெதிரே மடங்கிக்கொண்டுதான் இருந்திருக்கின்றன.

பங்குனியில் ஜெயிலிலிருந்து ராஜா எழுதிய கடிதத்தை மங்கம்மாள் எனக்கு அனுப்பியிருந்தார். மல்லி சாப்பிடுகிறாள் என்று அறிந்து சந்தோஷம் என்று எழுதியிருந்தார். கடைசியில் இரண்டு வரி: “நர்ஸம்மாவை மல்லியிடம் தினமும் என் பெயரைச் சொல்லச் சொல். என் குரலை அவள் மறந்துவிடுவாளோ என்று இங்கே எனக்கு அதுதான் கவலையாக இருக்கிறது.”

பதில் எழுத நாலு தடவை உட்கார்ந்தேன். ஜெயிலில் தனியாக இருக்கிற மனுஷனிடம், உம்முடைய குரலை அவள் ஒருநாளும் கேட்டதில்லை என்று எப்படி எழுதுவது? மல்லி நலம் என்று மட்டும் எழுதினேன். வாய்க்கு வந்ததைப் பேசுகிற எனக்கே அன்று கை வரவில்லை. மங்கம்மாளும் நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

ஆடி பிறப்பதற்குள் விடுதலையாகிவிட்டார். ராஜபாளையம் ஸ்டேஷனில் மாலையோடு ஆட்கள் காத்திருக்க, அவர் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இறங்கி ஜட்கா வைத்துக்கொண்டு நேரே என் வீட்டுக்கு வந்துவிட்டார். எனக்கு முன்கூட்டித் தகவல் இல்லை. நான் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தேன். வாசலில் “மல்லீ” என்று ஒரு குரல் கேட்டது. மறுபடி, “மல்லீ, ராவே.” கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடினேன்.

வெளிக்கதவுக்கு அப்பால் ராஜா நின்றிருந்தார். உடம்பு பாதியாகியிருந்தது, தாடி நரைத்திருந்தது. மல்லி முற்றத்தில் அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, மதில் மேல் ஓடிய அணிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மூன்றாவது தடவை கூப்பிட்டார். அந்தத் தடவை குரல் உடைந்துவிட்டது. அவள் திரும்பவில்லை.

என்னைப் பார்த்ததும் சிரிக்க முயன்றார். “மறந்துட்டா நர்ஸம்மா. ஆறு மாசம் பெரிய காலந்தான். அவ இங்கயே பழகிட்டா. இனி நான் இழுத்துட்டுப் போனா பாவம். உங்ககிட்டயே இருக்கட்டும்.” சொல்லிவிட்டு ஜட்காவைப் பார்த்து நடக்கத் தொடங்கினார்.

நில்லுங்கள் என்று ஒரு சொல் சொன்னால் போதும், அதுகூட எனக்கு வரவில்லை. அப்போது நான் வாசல்படியில் வந்து நின்ற அதிர்வில் மல்லி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். என் கண் எங்கே போகிறது என்று பார்த்தாள். நான் கையைத் தூக்குவதற்கு முன்பே எழுந்து, என் கண் போன பக்கம் திரும்பிவிட்டாள்.

அவர் முதுகுதான் அவளுக்குத் தெரிந்தது. தாடி தெரியாது, முகம் தெரியாது, இளைத்துப்போன ஒரு முதுகு. அந்த நடை ஒன்று போதுமாயிருந்தது. கதவைத் தாண்டி ஒரே பாய்ச்சலில் போய் அவருக்கு முன்னால் நின்றாள். குரைக்கவில்லை, மேலே தாவவில்லை. அவர் முழங்காலில் தலையை முட்டிக்கொண்டு அப்படியே நின்றாள். அவர் நடுத்தெருவில் மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். “அவ ஒண்ணும் மறக்கல ராஜா. அவளுக்குக் காது கேக்காது. பொறந்ததுலருந்தே கேக்காது. இத்தன வருஷமும் உங்களப் பாத்துப் பாத்துத்தான் எல்லாஞ் செஞ்சிருக்கா.”

அவர் மல்லியின் காதைத் தடவிக்கொண்டே இருந்தார். ஜட்காக்காரன் இறங்கி வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான்.

“நாலு வருஷமா தோட்டத்துல உக்காந்து இவகிட்டத்தான் எல்லாத்தையும் பேசுவேன்” என்றார் கடைசியில். “எங்க அப்பா செத்தப்ப ஒருத்தர் முன்னாடியும் அழல, இவகிட்டத்தான் சொல்லி அழுதேன். ஜெயிலுக்குப் போறேன்னு வீட்ல சொல்றதுக்கு முன்ன இவகிட்டத்தான் சொன்னேன். பயமா இருக்குன்னும் சொன்னேன். இவ என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருப்பா. அம்புட்டும் புரிஞ்சுக்கிட்டான்னு நெனச்சேன். ஒரு சொல் கூடக் கேக்கலையா?”

“கேக்கல” என்றேன்.

“அப்ப இனிமே நான் இவகிட்ட என்ன பேச?”

எனக்கு அதற்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. “என்ன வேணாலும் பேசுங்க. இப்பவுங்கூட உங்க மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருக்கா.”

அவர் குனிந்து பார்த்தார். மல்லி அவருடைய கண்ணைப் பார்த்தாள், வாயைப் பார்த்தாள், நடுங்குகிற தாடையைப் பார்த்தாள். அவர் என்னவோ சொல்ல வாயைத் திறந்தார். அவர் சொல்லி முடிக்கிறவரை நான் வீட்டுக்குள் போய் இருந்தேன்.